உஸ் மேஸ்திரியும் பேசாத காரும்

அமைதிக்காக உஸ் மேஸ்திரி போட்ட சத்தத்தை இந்த உலகத்தில் வேறு யாரும் எதற்காகவும் போட்டிருக்க மாட்டார்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் மூன்று பக்கம் எழுதிப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. ஆகவே சிரிப்பு வருகிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டுக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சரான நான் விடைத்தாள் திருத்துவேன். அந்தப் பக்கம் அவர் காரின் பின் அச்சைத் திருத்துவார். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஊரில் அது யாருக்கும் தெரியாது. காதில் எதையாவது வாங்கிக்கொண்டிருக்கும்போது யார் வாயைத் திறந்தாலும் விரலை உதட்டில் வைத்து "உஸ்" என்பார். அவர் எப்போதும் காதில் எதையாவது வாங்கிக்கொண்டிருந்ததால், எப்போதும் "உஸ்" தான்.

இந்த எழுபத்தெட்டாம் வருஷத்திலும் எங்கள் பக்கத்தில் ஓடும் டாக்சிகளில் பல, வெள்ளைக்காரன் காலத்தில் சாலைக்கு வந்தவை. கூனல் முதுகும் தவளைக் கண்ணுமாக இருக்கும் அந்தக் கார்களுக்கெல்லாம் ஒரு பொது வியாதி. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து 'ஊ' என்று ஊளை கிளம்பும். பின் சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குடம் இருக்கிறது. அதற்குள் பெரிய பல் சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று. பெரியதற்குப் பெயர் கிரவுன், சின்னதற்குப் பெயர் பினியன். இரண்டின் பற்களும் சரியான இடத்தில் தொட்டுக்கொள்ளாவிட்டால் ஊளை. இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. பதினைந்து வருஷம் சுவர் வழியாக வந்து சேர்ந்த கல்வி.

மற்ற மெக்கானிக்குகள், "பழைய வண்டின்னா அப்படித்தானுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உஸ் மேஸ்திரி அனுப்ப மாட்டார். பிரேக் பார்க்க வந்த வண்டியானாலும், கதவு பூட்டாத வண்டியானாலும், அவர் முதலில் பின்பக்கம் போய்க் குனிவார். ஒருமுறை ஹாரன் அடிக்கவில்லை என்று வந்த டாக்சிக்காரரிடம், "ஹாரனு கெடக்கட்டுமுங்க. உங்க பினியனு முப்பத்தஞ்சுல அழுவுதே, அதக் கேட்டுட்டு எப்படிங்க சோறு எறங்குது?" என்றார். அந்த மனிதர் நாலு நாள் கழித்து ஊளையில்லாத காரை எடுத்துக்கொண்டு, ஹாரன் இல்லாமலே போனார்.

ஒரு நாள் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"டீச்சர், அரைக் கிண்ணம் குங்குமம் கிடைக்குங்ளா?"

"வீட்டில் ஏதாவது விசேஷமா மேஸ்திரி?"

"பினியனுக்குங்க."

குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பெரிய சக்கரத்தின் பற்களில் தடவுவார். சின்னதை அதோடு சேர்த்து மெதுவாகச் சுற்றுவார். எங்கே குங்குமம் அழிகிறதோ அங்கேதான் பற்கள் தொடுகின்றன. "பல்லோட நடு வயித்துல அழிஞ்சா ஊமை. ஓரத்துல அழிஞ்சா ஒப்பாரி," என்று எனக்கு விளக்கினார். ஒப்பாரியானால் மெல்லிய தகடு ஒன்றை உள்ளே வைப்பார், எடுப்பார், மறுபடி குங்குமம் தடவுவார். வெள்ளிக்கிழமையன்று பார்த்தால் எங்கள் வீட்டுச் சாமி படங்களைவிட அவருடைய கிரவுன்தான் மங்களகரமாக இருக்கும்.

குடத்தின் மூடிக்கு அடியில் எண்ணெய் ஒழுகாமல் வைக்கிற அட்டைக்கு 'பேக்கிங்' என்று பெயர். கடையில் கிடைப்பது தடிமன் சரியில்லை என்று ஊரெல்லாம் அட்டை தேடினார். கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்து மார்க் அட்டைதான் கனகச்சிதம் என்று கண்டுபிடித்தார். படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பழைய அட்டைகளை நானே கட்டாகக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் ஒரு டாக்சியைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்:

"உங்ககிட்ட கணக்குல பதினெட்டு மார்க்கு வாங்குன பையனுது இதுல இருக்குதுங்க டீச்சர். ஒரு சொட்டு ஒழுகலீங்க."

குங்குமத்துக்குப் பிறகு வருவது சாலைப் பரிசோதனை. காரின் பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, ஒரு மரக்கட்டையின் நுனியை அடித்தகட்டில் ஊன்றி மறு நுனியைக் காதில் வைத்துக்கொள்வார். காரை யாராவது ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். ஊரில் உள்ள டிரைவர்கள் எல்லோரையும் சோதித்துப் பார்த்து, "ஒருத்தன் காலும் ஒரு நெலையில நிக்கறதில்லீங்க" என்று தள்ளிவிட்டார். அப்போதுதான் அவருடைய கண் தன் மனைவி மயிலாத்தாளின் காலில் விழுந்தது. மயிலாத்தாள் தையல் மெஷினில் மணிக்கணக்காக ஜாக்கெட் தைப்பவள். பெடலில் அவள் கால் ஒரே சீராகப் போகும். ஒரு மாதத்தில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு வேலந்தாவளம் சாலையில் ஒரு காட்சி வழக்கமாயிற்று. தலையில் கனகாம்பரம் வைத்த ஒரு பெண், நேராகப் பார்த்தபடி, முப்பத்தைந்து மைல் வேகத்தில் கார் ஓட்டிப் போவாள். காரில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் மட்டும், "உடு... இப்ப உடு... மறுக்கா மிதி" என்று கேட்கும். முதல் வாரம் மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிக் கும்பிட்டார்கள்.

ஆள் ஏற்றிய காரின் சத்தம் வேறு, காலி காரின் சத்தம் வேறு என்று ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனார். இவர் நெல் விவசாயம் செய்பவர், நல்ல கனம். "அண்ணா, நீங்க ரெண்டு மூட்டைக்குச் சமமுங்க" என்று மேஸ்திரி மரியாதையாகத்தான் கூப்பிட்டார். வழியில் இவர் தும்மிவிட்டார். பரிசோதனை கெட்டுப்போனதாக, நடுவழியில் இறக்கி விட்டுவிட்டார். பட்டப்பகலில் இரண்டு மைல் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

ஒருமுறை தேர்தல் சமயம், பட்டறைக்கு எதிரே பொதுக்கூட்டம். பேச்சாளர் குரலை உயர்த்திக் கையை ஓங்கியபோது மேஸ்திரி ஒரு கட்டையைக் காதில் வைத்தபடி வெளியே வந்தார். மேடைக்கு முன்னால் நின்று, விரலை உதட்டில் வைத்து, "உஸ்" என்றார். பேச்சாளர் நிறுத்திவிட்டார். கூட்டமும் மூச்சை அடக்கியது. ஏதோ கெட்ட செய்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "செரி, பேசுங்க" என்று உள்ளே போய்விட்டார். பேச்சாளருக்கு விட்ட இடம் கடைசி வரை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் எங்கள் தெரு பொறுத்துக்கொண்டது. பொறுக்காதது அவருடைய மெசின். பின்னால் இருந்த மாவு மில்லின் பெல்ட்டை நீட்டி, ஒரு மரச் சட்டத்தில் கிரவுனையும் பினியனையும் ஜோடியாக மாட்டி, எண்ணெயும் சாணைப் பொடியும் தடவி நாள் கணக்கில் ஓட விடுவார். பல்லோடு பல் உரசி இழைந்து, கடைசியில் சத்தமே இல்லாமல் ஆக வேண்டும் என்பது திட்டம். அந்தக் கடைசி வருவதற்குள் ஊளை எங்கள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் அதிர வைத்துவிடும். என் மகள் சாந்தி பிரீடிகிரி படித்ததும் அதற்குப் பிறகு பட்டம் வாங்கியதும் அந்த 'ஊ'வுக்கு நடுவேதான்.

சாந்திக்குக் கல்யாணமாகி, இடுக்கியில் மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஆபீசில் வேலை. போன வருஷம் அவள் உண்டானாள். ஏழாம் மாதம் இங்கே அழைத்து வர வேண்டும். எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. நான் பிறந்ததே பதற்றத்தோடுதான் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். மலைச் சாலையை நினைத்துப் பயந்தேன், பஸ்ஸை நினைத்துப் பயந்தேன், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவருக்கு அந்தப் பக்கத்து மெசினை நினைத்துப் பயந்தேன். பச்சைக் குழந்தை எப்படித் தூங்கும்? உட்கார்ந்து, நல்ல கனமான தாளில், சுத்தமான மலையாளத்தில் பராதி, அதாவது புகார் மனு, எழுதினேன். 'பிறக்கப் போகும் சிசுவின் உறக்கம்' என்று ஒரு பத்தியே இருந்தது. பஞ்சாயத்து பத்து நாளில் உத்தரவு போட்டது. மேஸ்திரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மெசினைக் கழற்றி, ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக்குக் கொண்டுபோனார்.

போகும்போது சுவரருகே நின்று, "பராதியப் படிச்சுக் காட்டுனாங்க டீச்சர். எழுத்து முத்து முத்தா இருந்துச்சுங்க" என்றார். அவர் கிண்டல் செய்யத் தெரியாதவர். அதனால்தான் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டுக்காரர் கார் வாங்கினார். மேஸ்திரியைக் கூட்டிப்போகக் கூச்சம். தனியாக வேலந்தாவளம் சந்தைக்குப் போனார். அது மாட்டுச் சந்தை. ஆனாலும் அங்கே மாட்டுத் தரகர் ஒருவர் பழைய கார்களையும் விற்றுக்கொண்டிருந்தார். மாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டுக்காரரை யாரும் ஏமாற்ற முடியாது. மெலிந்த மாட்டுக்கு உப்பு கலந்த தவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வைத்து வயிற்றைப் புடைக்கக் காட்டுவார்களே, அதைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். அதே முறையில் காரையும் பார்த்திருக்கிறார். முன்னும் பின்னும் நடக்க விட்டார். முதுகை அழுத்தினார். நாலு காலையும் தட்டினார். முரட்டுத்தனமில்லை, கத்தலில்லை, சாதுவான வண்டி. பிறகு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத் தரகரோடு பேரம் பேசி முடித்துவிட்டார்.

கார் வந்து நின்றபோது வந்ததே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. நாற்பது மைல் வேகத்தில் போனாலும் பின்னால் பஞ்சு உருட்டுகிற மாதிரிதான் இருந்தது.

"பாத்தியா," என்றார். "உஸ் மேஸ்திரி ஆயுசு பூரா தேடுன வண்டி. நான் ஒரு காலைல புடிச்சுட்டு வந்துட்டேன்."

கிளம்புகிற நாள் காலையில் மேஸ்திரி காருக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு மூன்று நாளாகவே எங்கள் கார் போகிற வழியில் ஓரமாக நின்று காதைத் திருப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"அண்ணா, இந்த வண்டி பேச மாட்டேங்குதுங்க."

"அதுக்குத்தானய்யா வாங்குனது," என்றார் இவர்.

"இந்த வயசுல வண்டி கொஞ்சமாச்சும் பேசோணுமுங்க. இது வாய அடைச்ச மாதிரி இருக்குதுங்க. அஞ்சு நிமிசம் குடுத்தீங்கன்னா அடியில ஒரு திருகு கழட்டிப் பாத்துட்டு..."

"மேஸ்திரி, நீங்க பதினஞ்சு வருசமா பண்ண முடியாதத வேறெவனோ பண்ணிப்போட்டான். வயித்தெரிச்சப்படாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "பராதி எழுதினதுக்குப் பழி வாங்க இதுவா நேரம்? வழியை விடுங்க, புள்ளத்தாச்சியைக் கூட்டி வரப் போறோம்."

அவர் விலகி நின்றார். கார் சத்தமில்லாமல் கிளம்பியது.

பொள்ளாச்சி, உடுமலை தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். எங்கள் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டிப் பழகியவர், வளைவுகளை நிதானமாகத்தான் எடுத்தார். பாதி ஏற்றத்தில் ஒரு வாசனை வந்தது. நேந்திரம் பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் போடுகிற வாசனை, சுடச்சுடப் பழம்பொரி. சுற்றிலும் காடு.

"பக்கத்துல எங்கியோ டீக்கடை இருக்குது," என்றார் இவர்.

அடுத்த வளைவிலும் வாசனை இருந்தது. அதற்கடுத்ததிலும். மறையூர் தாண்டியும் கூடவே வந்தது. இடுக்கியில் மலைக்கு மலை பழம்பொரி போடுகிறார்கள் என்று வியந்துகொண்டே போனோம். எஸ்டேட்டுக்குத் திரும்புகிற முக்கில் உண்மையாகவே ஒரு டீக்கடை வந்தது. இறங்கிப் போய்ப் பழம்பொரி கேட்டோம்.

"பழம்பொரி இங்க எந்தக் காலத்துலயும் போட்டதில்லம்மா," என்றார் கடைக்காரர். திருநெல்வேலிப் பேச்சு. "பன்னு இருக்கு, வர்க்கி இருக்கு."

"வாசனை வருதே?"

"வருது. நீங்க வந்த பொறவுதான் வருது," என்றார் அவர், எங்களை மேலும் கீழும் பார்த்தபடி.

மறுநாள் காலை சாந்தியைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். மாப்பிள்ளை கையசைத்தார். எஸ்டேட் சாலையில் கார் இறங்கியபோது ஒரே ஒரு முறை பின்னால் லேசாக உதறியது. "குளிருக்கு," என்றார் இவர். முக்கு வந்தது. அதைத் தாண்டினால் பெரிய இறக்கம். சாலைக்குக் குறுக்கே ஒரு டாக்சி நின்றிருந்தது. அதன் ஸ்டீயரிங்கில் கனகாம்பரத்தோடு மயிலாத்தாள். சாலை நடுவில் கட்டையும் கையுமாக உஸ் மேஸ்திரி.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏனுங்க மேஸ்திரி, இங்க வரைக்கும் வந்து..."

"உஸ்," என்றார் அவர்.

பொதுக்கூட்டத்தையே நிறுத்தியவர். இவர் எம்மாத்திரம்.

பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். கையால் சுற்றினார். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி, கொர் என்று ஒரு சத்தத்தோடு நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி அதே இடத்தில் நின்றது. காருக்கு அடியில் படுத்துத் திருகைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. ஒரு கம்பியால் குத்தியதும், கறுப்பாக, பளபளவென்று, உருண்டை உருண்டையாக ஏதோ விழுந்தது. மரத்தூளும் பழமுமாக வெந்து இறுகிய ஒன்று. மேஸ்திரி அதை முகர்ந்து பார்த்தார்.

"நேந்திரந்தானுங்க. நீங்க கெளம்புனதும் வேலந்தாவளம் போயித் தரகரப் புடிச்சேன். ஊள கேக்காம இருக்கறதுக்குப் பழத்தையும் மரத்தூளையும் உள்ள அடைச்சிருக்கறாரு. நேத்து ஏத்தத்துல பூரா வெந்து, ஆறி, அல்வா ஆயிப்போச்சுங்க. பினியனுக்கு எண்ணெயே போவலீங்க."

பின்னால் நின்ற டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ளதான் பழம்பொரி போட்டிருக்காக. நான் என் கடையையே சந்தேகப்பட்டுட்டேன்."

எங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. எந்த எஸ்டேட் என்று அவர்களுக்குத் தெரியாது. மறையூரிலிருந்து ஒவ்வொரு கடையாக நிறுத்தி, "பழம்பொரி வாசனையோட ஒரு கறுப்புக் கார் போச்சுங்ளா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். ஐந்தாவதாக இந்தக் கடைக்காரர், "போச்சு. டீச்சர் மாதிரி ஒரு அம்மா எங்கிட்ட சண்டையும் போட்டாக," என்று சொல்லியிருக்கிறார். இரவாகிவிட்டதால், எப்படியும் இந்த முக்கைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள்.

"இப்படியே எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும் மேஸ்திரி?" என்று கேட்டது என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாலு வளைவு தாண்டியிருக்காதுங்க. பின் சக்கரம் ரெண்டும் ஒண்ணா பூட்டிக்கும். வண்டி நேராப் போவாது, பக்கவாட்டுல போவும்."

பக்கவாட்டில் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பனி இருந்தது. பனிக்கு அடியில், ரொம்பத் தூரத்தில், தேயிலைச் செடிகளின் பச்சை. சாந்தி காரிலிருந்து இறங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். சாலையிலேயே உட்கார்ந்தேன். மயிலாத்தாள் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆவலீங்க்கா. அதான் ஒண்ணும் ஆவலீல்ல," என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், பெடல் மிதிக்கிற மாதிரி.

"நான் உங்களைப் பத்தி அத்தனை எழுதினேன். நேத்தும் பேசினேன். எதுக்கு வந்தீங்க மேஸ்திரி?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. "சாந்தி அம்முணிய அது படிக்கறப்பவே தெரியுமுங்களே," என்றார். "பரிச்ச நாளெல்லாம் நான் மெசின ஓட்ட மாட்டனுங்க. முந்துன நாளும் ஓட்ட மாட்டேன். மயிலுதான் தேதி கேட்டுட்டு வந்து சொல்லும்."

சாந்தி தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. மெசின் எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பராதியில் பட்டியல் போட்டவள் நான். எந்தெந்த நாளில் ஓடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

கறுப்புக் காரை டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எல்லோரும் டாக்சியில் கீழே இறங்கினோம். மயிலாத்தாள் ஓட்டினாள். மேஸ்திரிக்குத் தரையில் படுக்க இடமில்லை. முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, சீட்டின் மேல் மோவாயை வைத்து, மலை முடியும் வரை பின் அச்சையே கேட்டுக்கொண்டு வந்தார். அது அவரே பார்த்த அச்சு. மெல்லிய 'ஊ' ஒன்று வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அடக்கிவிட்டார். அவர் கேட்ட மன்னிப்பு அதுதான்.

"அம்மா," என்றாள் சாந்தி, என் மடியில் தலையை வைத்தபடி. "இந்தச் சத்தம் கேட்டா நம்ம வீட்டுல இருக்கற மாதிரி இருக்குது." உடுமலை வருவதற்குள் தூங்கிவிட்டாள். எத்தனையோ வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அதற்குச் சற்று முன்தான் சொல்லியிருந்தாள்.

தரகரிடம் எங்கள் வீட்டுக்காரர் போய் நியாயம் கேட்டார். "வயித்த ரொப்பிக் காட்டறது சந்தையில வழக்கந்தானுங்களே, நீங்க கண்டுபுடிப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாராம் தரகர். இவர் திரும்பி வந்து சொல்லும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சந்தையில் மாடு வாங்கினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரியைக் கேட்கலாமா என யோசிக்கிறார்.

நான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ப் பராதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "குழந்தை உறங்க வேண்டாமா டீச்சர்?" என்று குமாஸ்தா கேட்டார். "உறங்கத்தான் வாங்குகிறேன்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மெசின் பழைய இடத்துக்கு வந்தது. மேஸ்திரி எங்கள் கறுப்புக் காரைக் கொண்டுவந்து, குடத்தைக் கழுவி, குங்குமம் தடவி, புதிய ஜோடி மாட்டி, ஒரு மாதம் உழைத்தார். மூடி போடுகிற நாளன்று சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"டீச்சர், அந்தப் பராதிக் காயிதம் இருக்குதுங்ளா? நல்ல கனமுங்க அது."

மூன்று பக்கத்தையும் கொடுத்தேன். பிறக்கப் போகும் சிசுவின் உறக்கம் உட்பட எல்லாம் இப்போது எங்கள் கார் அச்சில் பேக்கிங்காக இருக்கிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாற்பதில் மட்டும் லேசாக ஊளை கேட்கிறது. அதையும் எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, "இருக்கட்டுமுங்க. பேசுனா நமக்குத் தெரியும்," என்றார்.

பேரன் பிறந்து ஒரு வருஷமாகிறது. சாந்தி குழந்தையோடு இப்போது வந்திருக்கிறாள். இன்னும் பழம்பொரி வாசனை வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தொட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளை நன்றாகத் தூங்குவான். அந்தப் பக்கம் மெசின் ஓடுகிற வரைதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஸ்திரி பெல்ட்டை இறக்கினால், அந்த நிமிஷமே முழித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்கிவிடுவான். நேற்றும் அப்படித்தான். தொட்டிலை ஆட்டினேன், தாலாட்டுப் பாடினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பெஞ்சின் மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி தூக்குப் பாத்திரத்தைத் திறந்து அப்போதுதான் முதல் வாய் வைத்திருந்தார்.

"மேஸ்திரி," என்றேன், "சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சத்தம் போடுங்களேன்."

அவர் விரலை உதட்டில் வைத்து, அழுகை எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்தார். பிறகு சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, பெல்ட்டை ஏற்ற எழுந்தார்.